வாருபவரும் சுமப்பவரும்: தூத்துக்குடி உப்பளங்களில் வேலைப் பிரிவும் கூலி வேறுபாடும்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. அங்கே அளங்களில் ஆண்கூலி ஒன்று, பெண்கூலி ஒன்று. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்குப் பிறகும் இது நீடிப்பதை வெறும் சட்டமீறல் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கூலியைக் கையில் கொடுக்கும்போது பாகுபாடு தொடங்குவதில்லை. விடியுமுன் கங்காணி வேலை பிரிக்கும்போதே அது நடந்து முடிந்துவிடுகிறது.

பாத்தியில் பலகை பிடித்து உப்பு வாருவது பெரும்பாலும் ஆணின் வேலை. வாரிய ஈர உப்பைத் தலையில் சுமந்து வரப்பில் குவிப்பது பெண்ணின் வேலை. வாருவதற்குத் தெம்பு வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வழுக்கும் வரப்பில் வெறுங்காலோடு நாள் முழுக்கச் சுமப்பதற்குத் தெம்பு வேண்டாமா? கூலி பேசும்போது மட்டும் மெலிந்துபோகும் விந்தையான உடல் இது. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலுக்குக் களமாக எடுத்துக்கொண்டது இந்த அளங்களைத்தான்.

இதே கடற்கரையில் முத்துக்குளிப்பவரின் உடலைப் பற்றியும் இப்படியொரு கதை இருந்தது. பரதவர் பிறவியிலேயே மூழ்குபவர்கள் என்று காலனிய அதிகாரிகள் வியந்தார்கள். வியப்பால் பங்கு கூடவில்லை: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவருக்கு. பிறவிக்குணம் என்று பெயரிட்டுவிட்டால், பழகித் தேறிய திறனுக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. பெண்ணின் தலைச்சுமைக்கும் இதே கணக்குதான்.

சட்டம் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ என்று கேட்கிறது. வேலையையே இரண்டாக வெட்டிவிட்டால் ஒப்பிட ஆள் கிடைக்காது. இந்தத் தந்திரத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் எதிர்கொண்டது. மேலதிகாரிகளுக்கென அமர்த்தப்பட்ட பெண் சுருக்கெழுத்தாளர் பிரிவில் ஆண்களே இல்லை, ஆகவே ஒப்பீடு இல்லை என்றது நிறுவனம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பதவிப் பெயரை விட்டுவிட்டு, செய்யும் வேலையை விரிந்த நோக்கில் பார்க்கவேண்டும் என்றது. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, கட்டுப்படியாகாது என்ற வாதங்களும் எடுபடவில்லை.

அந்தத் தீர்ப்பு அளத்துக்கு ஓரளவே உதவும். அங்கே ஆண், பெண் சுருக்கெழுத்தாளர்கள் ஒரே வேலையைச் செய்தார்கள். வாருவதும் சுமப்பதும் அப்படியல்ல. இங்கே தேவைப்படுவது சமமதிப்பு என்ற அளவுகோல். இந்தியா 1958இல் ஏற்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை அதைத்தான் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்போ பழைய ‘ஒத்த தன்மை’யையே வைத்துக்கொண்டு, திறன், உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றோடு அனுபவத்தையும் ஒப்பீட்டில் சேர்த்திருக்கிறது. நாட்கூலிக்கு வரும் பெண்ணுக்கு அனுபவம் இருக்கும். அதைக் காட்ட ஒரு பதிவேடு இருக்காது.