லெப்டினன்ட் குஸ்டலின் ஓர் இரவு

1900ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள், வியன்னா நகரின் 'நோயே ஃபிரையே பிரெஸ்ஸே' என்னும் நாளிதழில் ஒரு கதை வெளிவந்தது. 'லெப்டினன்ட் குஸ்டல்' என்பது அதன் பெயர். எழுதியவர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர். மருத்துவம் கற்றவர், நாடகாசிரியர், ஆஸ்திரிய-ஹங்கேரியச் சேனையின் சேமப்படையில் மருத்துவ அதிகாரியாகவும் இருந்தவர். அடுத்த ஆண்டே அவருடைய அதிகாரிப் பதவி பறிக்கப்பட்டது. சேனையின் மானத்துக்கு அவர் கதை இழுக்குத் தேடிற்று என்பது குற்றச்சாட்டு. மையால் எழுதிய சில பக்கங்கள் ஒரு பேரரசின் படையை இவ்வளவு உறுத்துவானேன்? இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால், இக்காலச் சிறுகதையின் போக்கில் நேர்ந்த ஒரு பெருந்திருப்பத்தையும் கண்டுகொள்ளலாம்.

கதைப்பொருள் மிகச் சிறிது. குஸ்டல் ஓர் இளம் படையதிகாரி. நண்பன் கொடுத்த சீட்டுடன் இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்திருக்கிறான். இசையில் நாட்டம் இல்லாமையால் கடிகாரத்தைப் பார்த்த வண்ணம் இருக்கிறான். நிகழ்ச்சி முடிந்ததும் மேலங்கி பெறும் இடத்தில் நெருக்கடி. முன்னே நின்ற பருத்த மனிதர் ஒருவரை அவன் அதட்டுகிறான். அவர் ஒரு ரொட்டிக்கடை முதலாளி. அவரோ குஸ்டலின் வாட்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, அவன் செவியில் மட்டும் விழும்படி, கூச்சலிட்டால் வாளை உருவி முறித்து அவனது படைப்பிரிவுக்கே அனுப்பிவிடுவதாக எச்சரிக்கிறார். பிறகு, பார்ப்பவர் ஐயுறாதபடி, மரியாதையாக விடைபெற்றுப் போய்விடுகிறார்.

இனி அவன் செய்யத்தக்கது யாது? அக்காலப் படையதிகாரிகளின் மான நெறி கடுமையானது. இழிவு செய்தவன் சம அந்தஸ்து உடையவனாயின் அவனைத் துவந்த யுத்தத்துக்கு அழைக்கலாம். ரொட்டிக்கடைக்காரரை அவ்வாறு அழைத்தல் மரபன்று. அவரை அந்த இடத்திலேயே வாளால் தாக்கியிருக்கவேண்டும். வாட்பிடியோ அவர் கையில் இருந்தது. எஞ்சியது தற்கொலை ஒன்றே. காலை ஏழு மணிக்குச் சுட்டுக்கொண்டு சாவதென்று உறுதி செய்து, இரவெல்லாம் பிராட்டர் பூங்காவில் அலைகிறான். ஒரு பெஞ்சில் உறங்கியும் விடுகிறான். விடிந்தபின் காப்பிக்கடைக்குச் செல்கிறான். அந்த ரொட்டிக்காரர் இரவே வாதநோய் தாக்கி இறந்துவிட்டார் என்று பரிமாறுபவன் சொல்கிறான். குஸ்டலுக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை! இறந்தவர் கடை ரொட்டியையே காப்பியில் பிய்த்துப் போட்டுச் சுவைத்து உண்கிறான். அன்று பிற்பகல் ஒரு வழக்கறிஞரோடு முன்பே ஏற்பாடாகியிருந்த துவந்த யுத்தத்துக்கு உற்சாகமாக ஆயத்தமாகிறான்.

மாணவர்களே, இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். நேர்ந்த அவமானத்தை மூன்றாமவர் எவரும் அறியார். கதையின் போராட்டம் முழுவதும் ஒருவன் தலைக்குள் மட்டுமே நிகழ்கிறது. ஆதலின் ஷ்னிட்ஸ்லர் கதை சொல்வோனை அறவே நீக்கிவிட்டார். 'என்று அவன் எண்ணினான்' என்னும் தொடர்கூடக் கதையில் இல்லை. முதலிலிருந்து இறுதிவரை குஸ்டலின் எண்ணங்களே வரிகளாக ஓடுகின்றன: தாய், தங்கை, காதலி, சூதில் தோற்ற பணம், யூதர்மீது கொண்ட வெறுப்பு. சாவைப் பற்றிய எண்ணத்தின் நடுவே பசி குறுக்கிடுகிறது.

இது செயற்கை என்று சிலர் கூறுவர். நாற்பது மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் பானிப்பட்டுப் போரைப் பாடம் சொன்ன ஆசிரியன் அவ்வாறு கூறமாட்டான். கண்கள் கரும்பலகையில் இருக்க, எண்ணம் மதிய உணவுக்கும் பந்தாட்டத்துக்கும் போய் மீள்வதை முகத்திலேயே கண்டுவிடலாம்.

மனம் சங்கிலிபோல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டதன்று, நீரோடைபோல் ஓடுவது என்று அமெரிக்க உளநூலார் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளிவந்த தம் பெருநூலில் விளக்கியிருந்தார். டாரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதுகையில் அவ்வுவமையை 1918இல் இலக்கியத் திறனாய்வுக்குக் கொணர்ந்தவர் மே சிங்க்ளேர் அம்மையார். நாம் நனவோடை என்று வழங்குவது இதனையே. பெயர் பிற்காலத்தது; முறை முந்தியது. எட்வார் துஜார்தென் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1887இலேயே இம்முறையில் ஒரு நாவல் எழுதினார். ஷ்னிட்ஸ்லர் அதனைப் படித்தவர். ஆனால் துஜார்தெனின் நாயகன் காதலுக்காக ஓர் மாலைப்பொழுது ஏங்குகிறான், அவ்வளவே. உயிர் போகும் நெருக்கடியில் இம்முறையை வைத்துப் பார்த்தவர் ஷ்னிட்ஸ்லரே என்பது என் கருத்து.

படையின் சினத்துக்கு வருவோம். ஆசிரியர் தம் குரலில் அதிகாரிகளைப் பழித்திருந்தால் மறுத்துரைப்பது எளிது. இங்கே ஆசிரியர் வாய் திறக்கவேயில்லை. அறிந்த ஒருவன் செத்தவுடன் போன மானம் திரும்பிவிடுமாயின், அந்த மானம்தான் எத்தகையது? இக்கேள்வி குஸ்டலுக்குத் தோன்றவில்லை, படிப்பவர்க்குத் தோன்றுகிறது. தன் வாக்குமூலத்தைத் தானே கொடுத்துவிட்டு, கொடுத்தது அறியாமல் ரொட்டி தின்கிறான் அவன். வேடிக்கை யாதெனில், படைத்துறை நாளிதழ் ஒன்று ஷ்னிட்ஸ்லரைத் தாக்கி எழுதியபோது அவர் அதற்கு எதிர்நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை என்பதும் அவர்மீது சாட்டப்பெற்ற குற்றங்களுள் ஒன்று. கதையில் நகைக்கப்பட்ட நெறியைக் கொண்டே கதாசிரியரை அளந்தனர்!

ஷ்னிட்ஸ்லர் 1924இல் 'ஃபிராய்லைன் எல்ஸே' என்னும் கதையில், தந்தையின் கடனுக்காகத் தன் மானத்தை விலைபேச நேர்ந்த ஒரு பெண்ணின் உள்ளத்தை இதே முறையில் வரைந்தார். அதற்குள் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' 1922இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்றிருந்தது. வர்ஜீனியா உல்ஃப் 1917இல், தாமும் கணவரும் நிறுவிய அச்சகத்தின் முதல் வெளியீட்டில், 'சுவரில் ஒரு குறி' என்னும் சிறுகதையைச் சேர்த்தார். சுவரில் தெரியும் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒரு மனம் எங்கெங்கோ உலவுகிறது. எழுந்து சென்று பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் எழுவதில்லை. இறுதியில் வேறொருவர் வந்து சொல்லும்போதுதான் அது நத்தை என்று தெரியவருகிறது. கல்லூரி மாணவர்கள் 'யுலிஸிஸை' எடுத்து முப்பது பக்கத்தில் மூடிவைப்பதைவிட, முதலில் குஸ்டலையும், அடுத்து அந்த நத்தையையும், அதன்பின் ஜாய்ஸையும் படிப்பது நன்று.