தடங்கலுக்கு வருந்துகிறோம்: பொதுத் தொலைக்காட்சியின் ஒரு நாளும் நம் தெருக்களும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு இந்த அட்டை மறக்காது. நல்ல கட்டத்தில் படம் நின்றுபோகும். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற எழுத்து திரையில் வந்து நிற்கும். என்ன தடங்கல், யாரால் வந்தது, எப்போது தீரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காத்திருக்க வேண்டியதுதான்.

இன்றைய மாணவத் தோழர்களுக்கு அது பழைய நகைச்சுவை. அந்தக் காலத்தைப் பற்றி வரும் பதிவுகளும் ஏக்கம் நிறைந்தவை: ஒரே சேனல், ஒரே பெட்டி, தெருவே கூடிப் பார்த்தது, எல்லோரும் ஒன்றாக இருந்தோம். இந்த "எல்லோரும்" என்ற சொல்லைத்தான் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தத் தெரு கூடியது? எந்தத் தெரு வெளியே நின்றது?

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதே மாதம் 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் திட்டமும் தொடங்கியது. ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் பொதுப் பெட்டிகளை வைத்து ஓராண்டு நடத்தினார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. 1982இல் வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் வந்தன. 1984இல் நாடு முழுக்க ஒளிபரப்பு நிலையங்களை மளமளவென்று திறந்தார்கள். அதற்கு முன்பே நம் தென் கடலோரத்தில் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கொடைக்கானல் மலைக் கோபுரத்தின் வழியாகச் சென்னை நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களுக்கு இறங்கின.

அப்படி இறங்கிய ஊர்களில் இரண்டு, ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்று பஞ்சாலை ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜாவின் ஊர். இன்னொன்று ஆண்டாள் கோயில் ஊர். அதன் கோபுரம்தான் தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருக்கிறது என்று பள்ளியிலேயே நமக்குச் சொல்லித்தருகிறார்கள். 1997இல் ராஜபாளையம் தனித் தொகுதியாக இருந்தது. 2008 மறுவரையறைக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கென ஒரு நாற்காலி இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. பொதுத் திரையின் முன் உட்கார ஒரு பாய் இருந்ததா?

பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறையை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் ரேடியோ அறை. இரண்டும் அரசுப் பணத்தில் வாங்கியவை, அதனால் பொது. ஆனால் ரேஷன் கடை, தபால் நிலையம், நூலகம், மேல்நிலைத் தொட்டி எங்கே நின்றனவோ, பெரும்பாலும் அங்கேதான் அந்த அறையும் நின்றது: ஊருக்குள். சாவி ஊர்க்காரர் கையில். காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெருவைக் கடந்து போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்ன தெருக்கள் அவை. போனாலும் வாசலிலோ ஜன்னல் ஓரத்திலோதான் நிற்க வேண்டும். வசதியுள்ளவர் வீட்டு டயனோரா, சாலிடேர் பெட்டி முன்னாலும் இதே கணக்கு. திண்ணை ஒருவருக்கு, கூடம் ஒருவருக்கு, முற்றத்துக்கு வெளியே ஒருவருக்கு. 'தெருவே கூடிப் பார்த்தது' என்ற ஏக்கப் பதிவுகளில் இந்த இருக்கை வரிசை வருவதில்லை.

இனி அந்தப் பெட்டிக்குள் ஒரு நாள் எப்படிப் போனது என்று பார்ப்போம். கண் போன்ற அந்தச் சின்னம் சுழன்று வரும், இசை வரும். பகலில் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு. 1984 ஆகஸ்டில் தொடங்கிய அது ஆங்கிலத்தில் பேசும். மாலையில் 'வயலும் வாழ்வும்'. குழந்தைகளுக்கு 'கண்மணிப் பூங்கா'. தமிழில் செய்தி. ஒரு நாள் நாடகம், ஒரு நாள் நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி', வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம். இரவானதும் திரை டெல்லிக்குப் போய்விடும். பிறகு எல்லாம் இந்தி, ஆங்கிலம். வேறு சேனல் இல்லாததால், ஒரே பெட்டி உழவருக்கும் மாணவருக்கும் குழந்தைக்கும் பக்தருக்கும் ரசிகருக்கும் முறைவைத்துப் பேசியது. பல்சுவை நிகழ்ச்சிகள் என்றார்கள். பொதுத் துறை ஊடகத்தின் நல்ல பக்கம் அது. விளம்பரக்காரருக்கு லாபம் தராத உழவருக்கும் அங்கே அரை மணி நேரம் இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 'வயலும் வாழ்வும்' யாருடைய வயல், யாருடைய வாழ்வு? எந்த ரகம் நடலாம், எந்த உரம் எவ்வளவு, பூச்சிக்கு எந்த மருந்து, மோட்டாருக்குக் கடன் எங்கே கிடைக்கும் என்ற கேள்விகள் எல்லாம் பட்டா வைத்திருப்பவரின் கேள்விகள். அந்த வயலில் நாற்று நட்டவருக்கும் அறுத்தவருக்கும் இருந்த கேள்விகள் வேறு. கூலி எவ்வளவு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்த ஊருக்கு எப்போது வரும், பஞ்சமி நிலம் எங்கே போனது? அந்தக் கால நேயர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூரும் நிகழ்ச்சிகளின் வரிசையில் நம் கேள்விக்கென்று ஒன்றும் இல்லை. தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்த அரசுதான், அதே செய்திக்குத் தன் திரையில் நிலையான ஓர் இடம் தரவில்லை.

அந்த நிகழ்ச்சி நிரலை உழைக்கும் மக்கள் ஒருமுறை மாற்றிக் காட்டினார்கள். அது இங்கே அல்ல, வடக்கே. 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலைகளில் ராமானந்த சாகரின் 'ராமாயண்' ஒளிபரப்பானது. ராமர் முடிசூட்டோடு 1988 ஜூலையில் அதை முடித்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொள்ளும் துப்புரவுத் தொழிலாளர்கள், அவர் வரும் உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்று ஜலந்தரிலும் வேறு வட இந்திய நகரங்களிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை குவிந்தது, நோய் பரவும் என்ற அச்சம் வந்தது. அரசு இறங்கிவந்தது, தொடர் நீண்டது. இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. தவம் செய்ததற்காகச் சம்பூகன் தலை வெட்டப்படுவதும் அதே உத்தர காண்டத்தில்தான். கேட்ட கதையைப் பற்றி நாம் விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் பொதுத் திரையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று கேட்ட துணிவு அவர்களுடையது.

நம் பக்கத்தில் அதே காலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போன பிள்ளைகளின் சம்பளத்தில் நம் குடியிருப்புகளுக்கும் பெட்டிகள் வரத் தொடங்கின. இனி யார் வீட்டு ஜன்னலிலும் நிற்க வேண்டாம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நடந்ததை இந்தப் பின்னணியில் படியுங்கள். சுமார் அறுநூறு பேர் கொண்ட போலீஸ் படை அந்த ஊருக்குள் புகுந்தது. உடைத்தது எதை? தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, டேப் ரெக்கார்டர், தையல் இயந்திரம். எரித்தது எதை? பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ். கிணற்றில் விஷம் கலந்தார்கள். கலவரத்தை அடக்க வந்தவர்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியிடம் என்ன வேலை? எதை வைத்து ஒரு சமூகம் தலை நிமிர்ந்ததோ அதை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டதுபோல் உடைத்தார்கள். தொலைக்காட்சி வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளில் நெருப்பு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தது. 1997 மே மாதம், விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது அரசு. கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்தவர் அவர். ஏற்கெனவே மாவட்டங்களுக்கும் பேருந்துகளுக்கும் எத்தனையோ தலைவர்கள் பெயர் இருந்தது. யாரும் ஏறமாட்டேன் என்று சொன்னதில்லை. இந்தப் பெயரைப் பார்த்ததும், இந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன, குடியிருப்புகள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் 1997 ஜூலையில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நம் ஒரு பெயரைத் தாங்க முடியாமல் எல்லோர் பெயரையும் அழித்தார்கள். கிணற்றில் நம் கை பட்டால் கிணற்றையே தூர்த்துவிடும் பழைய புத்திதான் இது.

அந்த ஜூலையை நாள் நாளாகப் பாருங்கள். முதல் மாதத்தின் கடைசி நாள், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 11 அன்று மும்பை ராமாபாய் நகரில், அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். ஜூலை 25 அன்று கே.ஆர்.நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர். பதவியேற்பைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. நாட்டின் முதல் குடிமகன் நம்மவர் என்று திரை சொன்ன நாளில், நம்மவர் பெயர் எழுதிய பேருந்து சாலையில் ஓட முடியவில்லை. இரண்டும் ஒரே மாதம். திரைக்கும் தெருவுக்கும் இடையில் இருந்த இந்தத் தூரத்துக்குத்தான் யாரும் வருத்தம் தெரிவித்து அட்டை போடவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று பிரசார் பாரதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1990இல் நிறைவேற்றிய சட்டம் ஏழு ஆண்டு தூங்கியிருந்தது. அதன் 12ஆம் பிரிவைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். பொது ஒளிபரப்பின் கடமைகளாக அது சொல்பவற்றில் சமூக நீதியை வளர்ப்பதும், சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் தீண்டாமை போன்ற தீமைகளையும் எதிர்த்துப் போராடுவதும் இருக்கின்றன. தீண்டாமை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1995 பிப்ரவரியில், காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பொதுச் சொத்து என்றால் நமக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. மகத் நகரின் சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் மக்களோடு நடந்து போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகுதான் அது போராட்டமானது, வரலாறானது. 12ஆம் பிரிவும் அப்படிக் கிடக்கும் ஒரு தீர்மானம். அதை நோக்கி நாம் இன்னும் நடக்கவில்லை.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதை ஓட்டுக்கான இலவசம் என்று கேலி செய்தவர்கள், அடுத்தவர் ஜன்னலில் நின்று பார்த்த அனுபவம் இல்லாதவர்கள். காலனி வீட்டில் சொந்தப் பெட்டி வந்தது என்பதன் பொருள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பெட்டி நம் வீட்டுக்கு வந்தபோது திரை தனியார் கைக்குப் போயிருந்தது. நாம் பார்ப்பவரானோம்; பேசுபவர் ஆகவில்லை.

பொதிகை சேனல் 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ். அந்த அக்டோபர் 18 அன்று சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டது. மாநிலமே கொதித்தது; தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டது. கேட்டது சரிதான். ஒரு வரி விடுபட்டதற்கு ஒரே நாளில் பதில் வாங்க முடிகிறது. ஐம்பது ஆண்டாக ஒரு மக்களின் வாழ்க்கை விடுபட்டதற்கு யாரிடம் பதில் வாங்குவது?

அதற்கு வழி இருக்கிறது. பிரசார் பாரதி தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 12ஆம் பிரிவின்படி கடந்த ஓராண்டில் தீண்டாமைக்கு எதிராக டிடி தமிழ் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம் ஒளிபரப்பியது என்று கேளுங்கள். 1997 கலவரத்தைப் பற்றிய காட்சிகள் காப்பகத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடிதம். நூறு மாணவர் கேட்டால் கணக்கெடுப்பு.

கூடவே இன்னொரு வேலை. உங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா, அண்ணன், பெரியம்மா யாராவது இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்: முதன்முதலாக டிவி எங்கே பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், உட்கார விட்டார்களா? கைபேசியில் பதிவு செய்யுங்கள். பொதுத் திரை காட்டாத நிகழ்ச்சி அதுதான். அதை இனி நாம் ஒளிபரப்புவோம்.

ஜெய்பீம்.