ஆளைக் கொண்டா

அகரவரிசையில் அடுக்கினால் மூன்று சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்: ஆட்கொணர்வு, ஆட்கொல்லி, ஆட்கொள்ளல். முதலாவது நீதிமன்றத்துச் சொல். அடுத்தது புலிக்கு உரியது. கடைசியாக உள்ளது சிவபெருமானுடையது. மூன்றிலும் இருப்பது ஒரே 'ஆள்'தான். பின்னால் ககரம் வந்ததால் ளகரம் டகரமாகிவிட்டது. புணர்ச்சி விதி அத்தோடு முடிந்துவிடும், எனக்கு முடியவில்லை. முதல் சொல்லின் கதையைப் பார்க்கப் போனால் மற்ற இரண்டும் கூடவே வருகின்றன.

ஆட்கொணர்வு என்பது 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்ற லத்தீன் தொடருக்குத் தமிழில் அமைந்த சொல். லத்தீனில் அதற்கு 'உடலை நீ வைத்திருக்க வேண்டும்' என்று பொருள். காவலில் வைத்திருப்பவனைப் பார்த்து நீதிமன்றம் இடும் கட்டளை அது: உன்னிடம் இருப்பவனை இங்கே கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று சொல். பிறந்த காலத்தில் இந்தக் கட்டளைக்கும் விடுதலைக்கும் சம்பந்தமே இல்லை. வராத ஆட்களை இழுத்து வர இங்கிலாந்து அரசனின் நீதிமன்றங்கள் வைத்திருந்த கொக்கி அது. காலப்போக்கில் கொக்கி திரும்பி அரசனின் சட்டையிலேயே மாட்டிக்கொண்டது. 1679இல் இதற்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது.

'கார்ப்பஸ்' என்பதை 'உடல்' என்று நேராக மொழிபெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ் நாளிதழில் 'உடல்' என்று வந்தால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். கிணற்றிலிருந்து மீட்பதும் மருத்துவமனையில் உறவினர்கள் வாங்க மறுப்பதும் உடலை. உயிரோடு இருப்பவரைக் கேட்க 'ஆள்' என்பதே சரியான சொல். கொணர்தல் என்பதும் பழைய வினைதான், பேச்சில் அதன் இடத்தில் 'கொண்டா' வந்துவிட்டது. 'ஆளைக் கொண்டா' என்று ஒரு தாய் காவல் நிலைய வாசலில் கத்துவதைத்தான் மனு கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது.

ஆனால் 'ஆள்' சாதுவான சொல் இல்லை. வினையாக வந்தால் அது அரசாள்வது. ஆட்சியும் ஆளுநரும் அதிலிருந்து வந்தவர்கள். பெயராக வந்தால் மனிதன், அதோடு வேலைக்காரன், அடிமை. பண்ணையாளும் கூலியாளும் ஆள். 'அவன் அமைச்சரோட ஆள்' என்றால் அது வேறு கணக்கு. கல்லூரி வாசலில் 'அவ என் ஆளு' என்றால் காதல். எல்லாவற்றிலும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டே இருக்கிறது: நீ யாருடைய ஆள்?

தமிழில் இந்தக் கேள்வி வழக்காகவே நடந்திருக்கிறது. பெரியபுராணத்துச் சுந்தரர் கதையைச் சொல்கிறேன். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, மாப்பிள்ளை எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். அது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் சபை கூடுகிறது. வழக்கை நிறுவ ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஓலையில் பாட்டனார் கையெழுத்து ஒத்துப்போகிறது. மாப்பிள்ளை தோற்கிறார். கிழவர் சிவன் என்பதால் அதை 'தடுத்தாட்கொண்ட புராணம்' என்று கொண்டாடுகிறோம். கடவுளை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஆளைப் பிடித்து வைக்க வந்தவரிடம் சபை காகிதம் கேட்ட வழக்கு அது.

இந்திய அரசமைப்புச் சட்டம் அந்தச் சபையின் வேலையை உச்ச நீதிமன்றத்துக்கு 32ஆம் பிரிவிலும் உயர் நீதிமன்றங்களுக்கு 226ஆம் பிரிவிலும் கொடுத்தது. 32ஆம் பிரிவு இல்லாவிட்டால் இந்த அரசமைப்புக்கே பொருள் இல்லை என்ற கருத்தில், 1948 டிசம்பரில் அம்பேத்கர் அதை அரசமைப்பின் ஆன்மா என்றார். அதில் ஐந்து பேராணைகள் உண்டு. ஆட்கொணர்வு மட்டும் டீக்கடை வரைக்கும் வந்தது. மற்ற நான்கின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டால் வக்கீல்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

அதே அரசமைப்பு இன்னொன்றும் செய்தது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் 22ஆம் பிரிவே, சில வரிகள் கழித்து, விசாரணையின்றித் தடுத்து வைக்கவும் இடம் தருகிறது. ஏழாம் அட்டவணை அந்த அதிகாரத்தையும் சொத்துப் பாகப்பிரிவினை போலப் பிரித்தது. பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவற்றுக்காகப் பிடித்து வைப்பது ஒன்றியத்துக்கு. பொது ஒழுங்குக்காகப் பிடித்து வைப்பது பொதுப் பட்டியலில், இருவருக்கும். மற்ற பட்டியல்களுக்காக டில்லியோடு மல்லுக்கு நிற்கும் மாநிலங்கள் இந்தப் பங்கைப் பற்றிப் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே அதற்குச் சோதனை வந்தது, அதுவும் சென்னை மாநிலத்திலிருந்து. 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தார். அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். சட்டப்படி ஒரு நடைமுறை இருந்தால் போதும், அது நியாயமானதா என்று கேட்பது எங்கள் வேலை இல்லை என்ற ரீதியில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஃபசல் அலி மாறுபட்டார். ஒன்றில் மட்டும் நீதிமன்றம் அரசுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடமே வெளியிடக் கூடாது என்ற, அந்தத் தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாமல் போனது. ஆளை வைத்துக்கொள், ஆனால் ஓலையைக் காட்டு என்றது நீதிமன்றம்.

1976 ஏப்ரல் 28 அன்று அதையும் கேட்காமல் விட்டது. நெருக்கடி நிலையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் முடியாது என்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று விசாரணையில் ஐந்தாமவரான நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டபோது, நெருக்கடி நீடிக்கும் வரை கிடையாது என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. கன்னா மட்டும் தனித்து எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார். உயிர்வாழும் உரிமைக்கான நீதிமன்றக் கதவை நெருக்கடி நிலையிலும் மூட முடியாதபடி 44ஆம் திருத்தம் செய்தது. அந்தத் தீர்ப்பு 2017இல் முற்றாகக் கவிழ்க்கப்பட்டபோது, கவிழ்த்தவர்களில் ஒருவர் அந்த நால்வரில் ஒருவரின் மகன்.

ஆனால் கதவு திறப்பதற்குள் சிலருக்குக் காலம் கடந்துவிட்டது. 1976 மார்ச்சில் கோழிக்கோட்டில் பொறியியல் மாணவர் ராஜனைப் போலீஸ் கொண்டுபோனது. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் அலைந்து திரிந்து, நெருக்கடி முடிந்ததும் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஆளைக் கொண்டுவா என்றது நீதிமன்றம். கொண்டுவர ஆள் இல்லை. உடலும் இல்லை. 1977 ஏப்ரலிலேயே கேரள முதல்வர் கருணாகரன் பதவி விலகினார். வாரியர் சாகும்வரை மகனுடைய உடலைப் பார்க்கவில்லை. இலங்கையில், 2009 மே மாதம் ராணுவத்திடம் கையளித்த உறவினர்களைக் கேட்டு வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போன குடும்பங்கள் கையில் வைத்திருந்ததும் ஆட்கொணர்வு மனுதான்.

சென்னை உயர் நீதிமன்ற வராந்தாவில் இதன் பெயர் 'எச்.சி.பி.'. அங்கே இதன் நிரந்தர எதிரி 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் என்று நீளும் அதன் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நடுவில் இருந்த குண்டர் எல்லாரையும் விழுங்கிவிட்டார். 'குண்டாஸ் போட்டாச்சு' என்றால் ஒரு வருடம் வரை உள்ளே. குண்டாஸ் உடைவது பெரும்பாலும் பெரிய தத்துவத்தால் அல்ல. கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் ஆகிவிட்டது, இப்படித்தான் உடையும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நீதிமன்ற உத்தரவின் தமிழாக்கம் தரப்படவில்லை என்பதற்காக 1999இல் உச்ச நீதிமன்றம் அவருடைய காவலை ரத்து செய்தது. படியோலை கிழிந்தால் இங்கே ஆள் வெளியே.

அதே வராந்தாவில் இன்னொரு கூட்டமும் உண்டு. மகள் யாரோடோ போய்விட்டாள், கொண்டுவாருங்கள் என்று மனு போட்ட பெற்றோர். அரசைக் கேட்க வைத்திருந்த கட்டளை இவர்கள் கையில் சாதிக்கும் மதத்துக்கும் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆட்கொணர்வு மெல்ல ஆட்கொள்ளல் பக்கம் நகர்கிறது. மதம் மாறித் திருமணம் செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவியின் தந்தை போட்ட மனுவில், 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் திருமணத்தையே ரத்து செய்து, வயது வந்த அந்தப் பெண்ணைப் பெற்றோர் காவலுக்கு அனுப்பியது. நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நிறுத்தி, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சுதந்திரம் வேண்டும் என்றார். படிப்பை முடிக்கச் சேலத்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 2018 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது: ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் நீதிமன்றம், ஆள் தன் விருப்பப்படி இருக்கிறாரா என்று பார்க்கலாம். அவர் யாருடைய ஆள் என்று முடிவு செய்ய முடியாது.