ஏரிக்கரைத் திராட்சையும் நம் மலைக்குப் பின்னால் ஓர் ஏரியும்



ஹங்கேரியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரிய ஏரி, கரையில் தட்டையான தலையுடன் ஒரு குன்று, குன்றின் சரிவெல்லாம் திராட்சை. "நம்ம மலையடிவாரத்துல ஏன் சார் இது வரலை?" என்று கேள்வி வேறு. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. ராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

அவர் அனுப்பியது பாலட்டன் ஏரியின் படம். மத்திய ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏரி அது. நீளம் சுமார் 77 கிலோமீட்டர், பரப்பு 590 சதுர கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட. ஆனால் சராசரி ஆழம் 3 மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆழம் குறைவு என்பதால் கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. இலையுதிர் காலம் வந்த பிறகும் அந்தச் சூடு கரையை விட்டு உடனே போவதில்லை. பழம் பழுக்கும் நேரத்தில் குளிர் திடீரென்று தாக்காமல் ஏரி தடுத்துக்கொள்கிறது.

வடகரையில் உள்ள அந்தக் குன்றின் பெயர் பாடச்சோனி. அணைந்துபோன எரிமலை. மேலே கருங்கல் போன்ற பசால்ட் பாறை. சரிவு தெற்கு பார்த்திருப்பதால் வெயில் நேராக விழும். ஏரி நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் கொடிக்குக் கிடைக்கும். பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் கொடுக்கும். வானத்திலிருந்து ஒன்று, நீரிலிருந்து ஒன்று, கல்லிலிருந்து ஒன்று என மூன்று சூரியன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஏறத்தாழ 47ஆவது அட்சக்கோட்டில், உறைபனி விழும் ஊரில், வெள்ளை ஒயினுக்குப் பேர்போன திராட்சை விளைய இந்த மூன்றும் வேண்டியிருக்கிறது. ரோமர் காலத்திலிருந்தே அங்கே கொடி வளர்க்கிறார்கள்.

அங்கே கேக்னெலூ என்று ஓர் உள்ளூர் ரகம் உண்டு. 'நீலக் காம்பு' என்று பொருள். அதன் பூ பெண்தன்மை மட்டும் கொண்டது, தனியாக நட்டால் சரியாகக் காய்க்காது. அதனால் பக்கத்து வரிசையில் புடாய் ஸோல்ட் என்ற இன்னொரு ரகத்தை நடுவார்கள். மண்ணும் ஏரியும் மட்டும் போதாது, விஷயம் தெரிந்த மனிதனும் வேண்டும்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறதல்லவா? அந்த மலைத்தொடருக்கு அந்தப் பக்கம்தான் வருசநாடும் கம்பம் பள்ளத்தாக்கும். ராஜபாளையத்திலிருந்து கம்பத்துக்குப் பறவை பறந்தால் சுமார் 45 கிலோமீட்டர். நாம் போனால் கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி என்று மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே விளைவது பன்னீர் திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் போனவர்கள் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த அதே மரியாதை.

மதுரைப் பகுதிக்குத் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். குளிர் நாட்டுக் கண்ணாடி வீடுகளில் பொத்திப் பொத்தி வளர்த்த ரகம், நம் வெயிலில் பந்தலேறி நிற்கிறது.

ஏன் அங்கே? நான் பல வருடம் கரும்பலகையில் படம் வரைந்து நடத்திய மழை மறைவுப் பிரதேசம்தான் முதல் காரணம். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, பள்ளத்தாக்குக்கு காற்றையும் சாரலையும் அனுப்புகிறது. பழுக்கும் திராட்சைக்கு மழை எதிரி. பழம் வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம் என்பதால் நம் ஊர் அளவுக்கு வெக்கையும் இல்லை.

இரண்டாவது காரணம் கவாத்து. பாடச்சோனியில் பனிக்காலம் வந்ததும் கொடி தானே இலையுதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் விழித்து, செப்டம்பர், அக்டோபரில் ஒரே அறுவடை. கம்பத்தில் பனி ஏது? கொடி தூங்கவே தூங்காது. ஆகவே விவசாயி கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு அதைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார். வெட்டிய நாளிலிருந்து நாலு மாதக் கணக்கில் பழம். ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு சமயத்தில் கவாத்து செய்வதால் வருடம் முழுக்க எங்காவது அறுவடை நடந்துகொண்டே இருக்கும். இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடைகூட எடுக்கிறார்கள். ஐரோப்பியன் கேட்டால் நம்ப மாட்டான்.

ஆனால் மழை குறைந்த இடத்தில் வருடம் முழுவதும் பச்சையாக நிற்கும் கொடிக்குத் தண்ணீர்? இங்கேதான் நம் ஏரி வருகிறது.

பெரியாறு பிறப்பது சிவகிரி மலைகளில். அதாவது சேத்தூர், சிவகிரிக்காரர்கள் தினமும் பார்க்கும் மலைக்குப் பின்னால். அங்கிருந்து வடக்கே ஓடி, பிறகு மேற்கே திரும்பி அரபிக்கடலுக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை யோசித்தார். கையில் பணம் இல்லை. 1876-78 தாது வருடப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைத் தின்ற பிறகுதான் ஆங்கிலேய அரசு அசைந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம், 1887இல் வேலை தொடக்கம், 1895 அக்டோபரில் திறப்பு. பென்னிகுயிக் தலைமையில் கட்டினார்கள். காட்டிலே காய்ச்சலிலும் காலராவிலும் இறந்த கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில். கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களுக்கும் அதில் ஒரு பானை உண்டு என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

அணைக்குப் பின்னால் தேங்கியதுதான் தேக்கடி ஏரி. பரப்பு 26 சதுர கிலோமீட்டர். பாலட்டனோடு ஒப்பிட்டால் குட்டை. ஆனால் மேற்கே போக வேண்டிய நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பி. ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் ஓடினால் கிணறுகளில் ஊற்று நிற்கும், பந்தல் பிழைக்கும். பாலட்டன் தன் கரைக்கு வெப்பம் கொடுக்கிறது. தேக்கடி ஏரி மலையைத் தாண்டித் தண்ணீர் கொடுக்கிறது. இதனால்தான் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றதும் அந்த விவசாயிக்குப் பத்திரிகைச் செய்தி அல்ல, வீட்டுச் செய்தி.

சரி, நம் கேள்விக்கு வருவோம். நமக்கும் அதே மலைதான், மழை மறைவுதான். ஆனால் மலையைக் குடைந்து நமக்கு யாரும் ஆற்றைத் திருப்பித் தரவில்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அதற்கேற்ற பயிரை நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள்: மா. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களின் வறட்சியில் பூக்கும், வேரை ஆழமாக விட்டுக் கோடையைத் தாங்கும். நம் சப்பட்டையின் ருசிக்குப் பின்னாலும் பாடச்சோனி போலவே மலை, மண், காற்று, மனிதன் எல்லாம் இருக்கிறது.

அந்த மா நிற்பது நம் கண்மாய்களை நம்பி. வத்திராயிருப்புப் பக்கம் நமக்கும் ஒரு பெரியாறு அணை உண்டு, பிளவக்கல் பெரியாறு. உயரம் சுமார் 47 அடிதான். அதிலும் முடங்கியாற்றிலும் வரும் நீர் கண்மாய் கண்மாயாக நிறைந்து போனால்தான் கிணற்றில் ஊற்று. வரத்துக்கால் அடைபட்டு, தோப்புகள் மனைகளானால் ஒரு ருசியே ஊரை விட்டுப் போய்விடும். ஏரி கட்டத் தெரியாதவர்கள் அல்ல நாம். இருப்பதைக் காக்க வேண்டும், அவ்வளவே.

உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரையும், இந்த வருடம் அது நிறைந்ததா என்பதையும் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். இது வீட்டுப்பாடம்!

வாழ்க வளமுடன்.