வெளிச்சத்தைக் குறைத்த கதை: திரி முதல் டிம்மர் வரை



வெளிச்சத்தைக் கூட்ட மனிதன் பட்ட பாட்டைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அதைக் குறைக்கப் பட்ட பாட்டை அதிகம் யாரும் எழுதுவதில்லை. இன்று அந்தக் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நான் விட்டுப்போன பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெய் விளக்கு. திரியைத் தூண்டினால் சுடர் பெரிதாகும், உள்ளே இழுத்தால் சிறிதாகும். ஊக்கம் தருபவரை இன்று 'தூண்டுகோல்' என்கிறோம். விளக்குத் திரியை நகர்த்தும் குச்சிக்கும் அதுதான் பெயர். பிறகு வந்த அரிக்கேன் விளக்கில் பக்கவாட்டில் ஒரு திருகு இருந்தது. ராத்திரி படுக்கும்போது அதை இறக்கி வைப்பார்கள். வெளிச்சம் குறையும், மண்ணெண்ணெயும் மிச்சமாகும். இந்த இரண்டும் சேர்ந்து நடந்ததை நினைவில் வையுங்கள். மின்சாரம் வந்தபோது நாம் இழந்தது இதைத்தான்.

ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் அதே காவிரியின் தண்ணீர், மேட்டூர் அணையில் 1937 முதல் மின்சாரமும் தந்தது. குண்டு பல்புக்கு இரண்டே நிலை: எரியும், அல்லது அணையும். மங்கலான வெளிச்சம் வேண்டும் என்றால் இன்னொரு பல்புதான். அப்படித்தான் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளிலும் 'ஜீரோ வாட்ஸ்' பல்பு வந்தது. பெயர்தான் ஜீரோ. உண்மையில் அது சுமார் 15 வாட் எடுத்துக்கொள்ளும். இரவு பத்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 55 யூனிட். நம் வீடுகளில் குறைக்கும் திருகு இருந்தது ஃபேனுக்கு மட்டும்தான். சுவரில் கனமான ரெகுலேட்டர் பெட்டி, உள்ளே கம்பிச் சுருள்கள். வேகத்தைக் குறைத்தால் பெட்டி சுடும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே வெப்பமாக வீணாயிற்று.

உலகம் முழுக்க நாடக மேடையிலும் இதே தொல்லை. லண்டன் சவாய் தியேட்டர் 1881-இல் மின்விளக்குக்கு மாறியபோதே மேடை விளக்குகளைக் கூட்டவும் குறைக்கவும் ரெகுலேட்டர்கள் வைத்தார்கள். அந்தக் காலத்து டிம்மர்களில் பெரிய மின்தடைகள் இருக்கும். அவை சூடாகும், தீ விபத்துக்கும் வழி உண்டு. அந்தச் சூட்டைக் குறைக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்கக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் கிரான்வில் வுட்ஸ் 1896-இல் காப்புரிமை பெற்றார். நம் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் எழுந்த தியேட்டர்களில், படம் போடும் முன் விளக்குகள் மெல்ல மங்குவதைப் பார்த்து நாம் எல்லோரும் விசில் அடித்திருக்கிறோம்.

இந்த வசதி வீட்டுச் சுவருக்கு வர, குறைகடத்தி வரவேண்டியிருந்தது. 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டரை அறிமுகப்படுத்தியது. இரண்டே ஆண்டில், 1959-இல், நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர் அதை வைத்துச் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரைச் செய்தார். 1961-இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்கள் தினமும் தொடும் சுவிட்சின் மூதாதை அதுதான்.

அவர் செய்த மாற்றம் என்ன? உய்யக்கொண்டான் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முறை வராத நேரத்தில் மதகு மூடியே இருக்கும், தண்ணீர் வீணாவதில்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 அரைச்சுழற்சி. ஒவ்வொன்றும் 10 மில்லி விநாடி. டிம்மரில் உள்ள 'டிரையாக்' என்ற மதகு ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் தாமதமாகத் திறக்கும். 5 மில்லி விநாடி கழித்துத் திறந்தால் பாதி மின்திறன்தான் போகும். மீதி வீணாகவில்லை, எடுக்கப்படவே இல்லை. விநாடிக்கு நூறு முறை விட்டு விட்டுக் கொடுத்தாலும் குண்டு பல்பின் இழை உடனே ஆறாது. அதனால் கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. அரிக்கேன் திருகு மின்சாரத்தில் திரும்பக் கிடைத்தது. நம் ஊரில் இதே சுற்றுதான் 'எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்' என்ற பெயரில் ஃபேனுக்கு வந்தது. குறைத்து வைத்தால் ஃபேன் 'உர்ர்' என்று முனகுமே, அது நறுக்கிய மின்சாரத்தின் சத்தம்.

பிறகு குண்டு பல்பு போயிற்று. சுவரில் இருந்த டிம்மர் போகவில்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். உறவில் ஒரு பெரியம்மா பழைய வீட்டை விட்டு ஸ்ரீரங்கத்திலேயே புது ஃப்ளாட்டுக்குப் போனார். கட்டியவர்கள் ஹாலில் டிம்மர் வைத்துவிட்டு, சாதாரண எல்இடி பல்பு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். குறைத்தால் வெளிச்சம் துடிக்கும். மூன்று பல்பு மாற்றியும் சரியாகவில்லை. தலைவலி வருகிறது என்று இருட்டிலேயே நடமாட ஆரம்பித்தார். எண்பது வயதில் அது விளையாட்டுக் காரியமா?

பல்பும் கெட்டதில்லை, டிம்மரும் கெட்டதில்லை. இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை. எல்இடிக்குள் 'டிரைவர்' என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. வரும் மின்சாரம் எப்படி இருந்தாலும் எல்இடிக்குச் சீரான மின்னோட்டம் தருவதே அதன் வேலை. டிம்மர் 'குறை' என்கிறது. டிரைவர் அதை வோல்டேஜ் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறது. இன்னொன்று: டிரையாக் திறந்தே நிற்க, அதன் வழியே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பல டிரையாக்குகளுக்கு அது சில பத்து மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் சுமார் 260 மில்லி ஆம்பியர் எடுத்தது. 9 வாட் எல்இடி எடுப்பதோ 40 அளவில்தான், அதுவும் ஒரே சீராக அல்ல. நடுவிலேயே மதகு மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது, மறுபடி மூடுகிறது. அதுதான் அந்தத் துடிப்பு.

'டிம்மபிள்' எல்இடியின் டிரைவர் மூன்று வேலை கூடுதலாகச் செய்கிறது. மதகு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று அளக்கிறது. அந்த அளவுக்கு எல்இடியின் மின்னோட்டத்தைத் தானே குறைக்கிறது. டிரையாக் மூடிவிடாமல் இருக்கச் சிறிது மின்சாரத்தை வேறு பாதையில் ஓடவிடுகிறது. டிம்மரிலும் புது வகை உண்டு: அரைச்சுழற்சியின் தொடக்கத்தை வெட்டாமல் வாலை வெட்டும். அதில் மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதில்லை. எல்இடிக்குப் பெரும்பாலும் அதுவே ஒத்துப்போகும்.

இந்தக் கூடுதல் சுற்றுக்குக் காசு வேண்டும். மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கியது. அரசு நிறுவனம் 2014-இல் ஒரு பல்புக்குக் கொடுத்த கொள்முதல் விலை 310 ரூபாய். 2016-இல் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஏழை வீட்டுக்கும் எல்இடி போனது பெரிய காரியம். ஆனால் விலை அப்படி இறங்கும்போது, நம் ஊரில் அபூர்வமாக இருக்கும் டிம்மருக்காக யார் கூடுதல் பாகம் வைப்பார்கள்?

ஆகவே மூன்று சொல்கிறேன். டிம்மர் இருந்தால், அட்டைப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்ட பல்பை மட்டும் வாங்குங்கள். டிம்மரின் குறைந்தபட்ச வாட் அளவையும் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரில் பல்பை இணைக்கச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் வையுங்கள். 9 வாட் எல்இடி முழு வெளிச்சத்தில் எரிந்தாலும் பழைய ஜீரோ வாட்ஸ் பல்பை விடக் குறைவாகத்தான் எடுக்கும். மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வயதானவர்களை இருட்டில் விடவேண்டிய அவசியம் இன்று இல்லை. பெரியம்மா வீட்டிலும் இப்போது சாதாரண சுவிட்சுதான். ராத்திரிக்குத் தனியாக அரை வாட் எல்இடி விளக்கு.

யார் வீட்டிலாவது அந்தப் பழைய ரெகுலேட்டர் பெட்டி இன்னும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்