கலைக்காட்சிசாலைப் பரீட்சை

கலைக்காட்சிசாலைப் பரீட்சை: கலைக்காட்சிசாலையில் உள்ள சித்திரங்கள், சிற்பங்கள் முதலியவற்றைப் பற்றிப் பார்வையாளர் முன்னரே அறிந்தது எவ்வளவு, அங்கே நின்று கண்டுகொண்டது எவ்வளவு என்பதை வினாக்களின் வாயிலாக அளந்தறியும் முறை. பொழுதுபோக்குக்காக நடத்தும் வினாடி வினாவும், காட்சிசாலையார் தம் ஏற்பாடுகளின் குணதோஷங்களை அறிய நடத்தும் சோதனையும் இப்பெயரில் அடங்குமாயினும், சரித்திரம் என்று சொல்லத்தக்கது பின்னதற்கே உண்டு.

பார்வையாளரின் எழுத்துமூலமான விடையைக் கேட்டுப் பெற முயன்ற பழைய நிகழ்ச்சிகளுள் பிரசித்தமானது, 1871-இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் நடந்த ஹோல்பைன் என்னும் ஓவியரின் படக்காட்சியாகும். பாசல் நகரத்து மேயர் என்பவரின் குடும்பத்தார் சூழக் கன்னிமரியாள் நிற்கும் அவருடைய சித்திரம் டிரெஸ்டனில் ஒன்றும் டார்ம்ஷ்டாட்டில் ஒன்றுமாக இரண்டு இருக்க, எது மூலம், எது பிரதி என்று பண்டிதர் வாதாடிவந்தமையால், இரண்டையும் ஓரிடத்தில் வைத்துக் காட்டினர். குஸ்டாவ் தியோடர் ஃபெக்னர் என்னும் மனோதத்துவ அறிஞர், அங்கே ஒரு குறிப்பேட்டை வைத்து, இரண்டனுள் அழகிற் சிறந்தது எது என்று எழுதுமாறு வந்தோரை வேண்டிக்கொண்டார். பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் வந்துபோக, எழுதியவர் 113 பேரே. அவருள்ளும் பலர் கேட்டதை விட்டு வேறொன்றை எழுதியமையாலும், சிலர் முன்னமே ஒரு கட்சியைச் சார்ந்திருந்தமையாலும், அவர்களுடைய விடைகளைத் தள்ளவேண்டியதாயிற்று. டிரெஸ்டன் படம் பிற்காலப் பிரதியே என்று நிபுணர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டனர். குறிப்பேடோ அழகைப் பற்றிய விவாதத்தைத் தீர்க்கவில்லை.

இம்முறைக்குச் சாஸ்திர ரூபம் தந்தவர், அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையின் காரியதரிசியாக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். பொருளை உற்றுநோக்கினாலன்றி விடை கிடைக்காத எளிய வினாக்களை எழுதி, நல்ல கண்பார்வையும் விவேகமும் உடைய ஒருவரிடம் கொடுத்து, அவர் விடை தேடும் நிலைகளிலேயே அவரைப் புகைப்படம் எடுப்பித்து, 1916-இல் அவற்றைக் கட்டுரையாக வெளியிட்டார். தாழ்ந்த பெட்டிமுன் குனிந்தும் குந்தியும், உயரத்தில் உள்ளதற்குக் கழுத்தை நீட்டியும் அம்மனிதர் படும் பாட்டைக் காண்போர்க்கு, பரீட்சையில் தேறாதது காட்சிசாலையே என்பது வெளிப்படை. 'காட்சிசாலைக் களைப்பு' என்னும் தொடரைப் பிரபலமாக்கியவரும் இவரே. சுற்றுப்புற ஒளியின் கூச்சத்தைத் தவிர்க்கக் கண்களுக்கு நேரே பிடித்துக்கொள்ளத்தக்க, உட்புறம் கறுப்பான ஒரு கூட்டையும் இவர் சிபாரிசு செய்தார். கையில் கூட்டுடன் உலாவும் ஜனங்களைத்தான் எங்கும் காணவில்லை.

கில்மன் வழியில், யேல் பல்கலைக்கழகத்து எட்வர்டு ராபின்சன் 1928-இல் வெளியிட்ட நூலில், பார்வையாளர் படந்தோறும் நிற்கும் நேரத்தைக் கடிகாரங்கொண்டு அளந்ததோடு, உட்கார்ந்தபடியே படங்களைப் பார்ப்போருக்கும் சலிப்பு உண்டாகிறது என்று காட்டி, களைப்புக் காலுக்கு மட்டும் உரியதன்று என நிரூபித்தார். மறு ஆண்டில் கிளீவ்லாந்துக் கலைக்காட்சிசாலைக்கு வந்த பள்ளி மாணவர்களைக் கொண்டு போதனா முறைகளை ஒப்பிட்ட சோதனைகளின் அறிக்கை வெளியாயிற்று.

படைத்தவர் பெயரையும் ஆண்டையும் கேட்டு மதிப்பெண் இடுவது, பார்வையாளரின் பள்ளிப் படிப்பை அளக்குமேயன்றிக் கலை நோக்கை அளவாது. 1966-இல் பியேர் பூர்தியு, அலேன் தார்பெல் இருவரும் ஐரோப்பியக் காட்சிசாலைகளில் நடத்திய ஆராய்ச்சியை நூலாக்கியபோது, கலையறிவும் காட்சிசாலைக்கு வரும் பழக்கமும் கல்வியோடு எவ்வளவு ஒட்டியுள்ளன என்பதைப் புலப்படுத்தினர். மில்வாக்கி நகரில் சாண்ட்லர் ஸ்கிரீவன், கேள்விக்கு விடை தந்தவுடன் சரி தவறு காட்டும் கருவிகளைக் காட்சிப்பொருள்களுக்கு அருகில் வைத்து ஆராய்ந்தார். நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் அபிகேல் ஹௌசன், பிரசங்கம் கேட்டுச் சென்றோர் மனத்தில் மிகச் சொற்பமே தங்கியது எனக் கண்டபின், படத்தில் என்ன நடக்கிறது, எதைக் கண்டு அவ்வாறு சொல்கிறீர், இன்னும் என்ன காணலாம் என்னும் மூன்று வினாக்களில் அமைந்த போதனைமுறை அவராலும் பிலிப் யெனவைனாலும் உருவாயிற்று. தற்காலத்தில் கைப்பேசி வழியாகவும் வினாக்கள் தரப்படுகின்றன.