தாயின் அயோடினும் பிள்ளையின் தைராய்டும்: சிவகாசி வட்டாரம்

கருவில் இருக்கும் பிள்ளையின் தைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. தேவைக்கேற்பச் சுரக்க ஐந்தாம் மாதம் ஆகிவிடும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்ஸின், தாயின் இரத்தத்திலிருந்தே வர வேண்டும். அதற்கு மூலப்பொருள் அயோடின். உடல் அதைத் தானே செய்துகொள்ளாது. சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். சாதாரணமாக நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும் என்றும், கர்ப்ப காலத்தில் 250 வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கணக்கோடு பட்டாசும் சேர்ந்துகொள்கிறது.

இந்தியாவில் இதன் வரலாறு இமயமலை அடிவாரத்தில் தொடங்கியது. 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்கழுத்துக் கழலை கண்கூடாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கழலை வெளியே தெரியும் நோய். தாயின் அயோடின் குறைவு பிள்ளைக்குச் செய்யும் கேடோ பல வருடம் கழித்தே தெரியவரும். 1971இல் வெளிவந்த பாப்புவா நியூகினி ஆய்வு, கருத்தரிக்கும் முன்பே அயோடின் எண்ணெய் ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கடுமையான மூளை வளர்ச்சிக் குறைபாடு வராமல் தடுக்க முடிந்ததைக் காட்டியது. 1999இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது: கர்ப்பத்தின்போது தைராய்டு குறைவாக இருந்தும் சிகிச்சை பெறாத பெண்களின் பிள்ளைகள், ஏழு முதல் ஒன்பது வயதில், மற்றப் பிள்ளைகளைவிட ஐ.கியூ. தேர்வில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

தாயின் கர்ப்பகால நிலை பிள்ளையைப் பிற்காலத்தில் பாதிக்கும் என்பதற்கு இதே காலத்தில் இன்சுலின் பக்கமும் சான்றுகள் சேர்ந்தன. பிறப்பு எடைக்கும் பிற்கால இதயநோய், நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் 1980களின் கடைசியில் எடுத்துக்காட்டினார். 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் சி. எஸ். யாக்னிக் தொடங்கிய ஆய்வு, கர்ப்பத்தில் வைட்டமின் பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு கூடியிருந்ததைக் கண்டது. சென்னையில் நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பால், 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. தாயின் சர்க்கரை பிள்ளையின் கணையத்தையும் பாதிக்கும் என்பதே அதன் அடிப்படை.

சிவகாசிக்கே உரிய சிக்கல், பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 1940களில் பட்டாசு வேரூன்றியது. மழை குறைந்த கரிசல் பூமியில் வெள்ளாமை கைவிட்ட குடும்பங்களுக்கு இதுவே சோறு போட்டது, இன்றும் போடுகிறது. திரி வெட்டுவது, குழாய் உருட்டுவது, மருந்து செலுத்துவது என்று பாதி வேலை பெண்கள் கையில்தான் நடக்கிறது. வண்ண வெடிகளுக்கான மருந்தில் பொட்டாசியம் பெர்குளோரேட் சேர்கிறது. அது மண்ணில் ஒட்டி நிற்காது, தண்ணீரோடு இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது.

உடலுக்குள் அது செய்வதை 1950களிலேயே மருத்துவம் அறிந்திருந்தது; மிகையாகச் சுரக்கும் தைராய்டை அடக்க அப்போது அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். தைராய்டு செல்லின் சவ்வில் அயோடினை உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. பெர்குளோரேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; அயோடினைவிடச் சுமார் 30 மடங்கு இறுக்கமாக. உடலில் அயோடின் நிறைவாக இருந்தால் சமாளித்துவிடலாம். குறைவாக இருக்கும் கர்ப்பிணிக்கு அந்த வசதி இல்லை. கார்டிஃப், டூரின் நகரங்களின் தாய்மாரை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, தைராய்டு ஏற்கெனவே தளர்ந்திருந்த பெண்களில் பெர்குளோரேட் மிகுந்தவர்களின் பிள்ளைகள் மூன்று வயதில் அறிவுத்திறனில் கடைசி வரிசைக்குப் போகும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது.

சிவகாசியின் நிலத்தடி நீரில் இது எவ்வளவு இருக்கிறது என்பதை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது சொன்ன லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டின. ஆய்வில் கிடைத்த உச்ச அளவு 7,690. சோதித்த குழாய்த் தண்ணீர் மாதிரிகள் மூன்றிலும் அரை மைக்ரோகிராம்கூட இல்லை. ஆகவே பயப்பட வேண்டியது கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும்தான். மக்களின் உடல்நலம் குறித்து மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அயோடின் விஷயத்தில் இந்த மாவட்டம் இருக்கும் மாநிலத்தின் நிலை வேதனையானது. பக்கத்துத் தூத்துக்குடி வெளி மாநிலங்களுக்கும் உப்பு அனுப்பும் ஊர். ஆனாலும் 2018–19 தேசிய உப்புக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் சுமார் 62 விழுக்காடுதான். மாநிலங்களில் கடைசி இடம். அயோடின் சேராத உப்பைச் சமையலுக்கு விற்கும் தடை 2000இல் நீக்கப்பட்டு 2006இல் திரும்ப வந்தது. இருந்தும் சாடியில் போட்டு வைக்கும் கல்லுப்பின் மேல் உள்ள பிரியம் குறையவில்லை. 2014இல் அரசு ‘அம்மா உப்பு’ என்று அயோடின் உப்பையும், இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவு உப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கரிசல் காட்டுக் கம்பிலும் தைராய்டை மட்டுப்படுத்தும் பொருள்கள் இருப்பதாகச் சூடான் ஆய்வுகள் கண்டன; அதற்காகக் கம்பங்கூழை விட வேண்டியதில்லை, உப்பும் மீனும் முட்டையும் பாலும் சரியாக இருந்தால் போதும். உப்பைச் சோதிப்பதும் சுலபம்: ஒரு சிட்டிகையில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருப்பது ஊதா நிறமாகத் தெரியும்.

தண்ணீருக்கு அப்படி ஒரு சொட்டு இல்லை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் பெர்குளோரேட்டுக்கு வரம்பே குறிக்கப்படவில்லை. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் அது தேடப்படுவதும் இல்லை. பட்டாசு ஆலைகளை ஒட்டிய கிராமங்களின் கிணறுகளையாவது இதற்காகத் தனியே சோதிக்க வேண்டும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியும் கர்ப்பிணிக்குச் சர்க்கரையோடு தைராய்டையும் முதல் மாதங்களிலேயே பார்த்துவிட வேண்டும்.